தெரியாத பாட்டுக்குக் காது கொடுத்த இரவு

எழுபது வயதை எட்டும் ராக் கலைஞர்கள் புதிதாக ஓர் இசைக்குழுவைத் தொடங்கி, நூறு பேர் நின்றாலே நெருக்கியடிக்கும் ஒரு கிளப்பில் சொந்தப் பாடல்களை வாசிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டால் தயங்காமல் போங்கள். அவர்கள் அன்று என்னவாக இருந்தார்கள் என்பதைவிட இன்று என்ன செய்கிறார்கள் என்பதே கேட்கத் தகுந்தது. மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுனில் ஒரு சனிக்கிழமை இரவு அப்படியொரு குழுவைக் கேட்ட பிறகு எனக்கு இதில் துளியும் சந்தேகம் இல்லை. ஆனால் தெரியாத பாட்டைக் கேட்கப் போவதற்குக் கொஞ்சம் ஆயத்தம் வேண்டும். எங்கே நிற்பது, எதைக் கேட்பது, யாரிடம் எப்போது பேசுவது என்பதெல்லாம் அந்த இரவின் சுவையைக் கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும்.

குழுவில் ஐந்து பேர். டிரம்ஸ் வாசிப்பவர் தமிழர், கிட்டார் வாசிப்பவர் சீனர். இருவரும் எழுபதுகளில் பினாங்கு ஹோட்டல்களிலும் இரவு விடுதிகளிலும் வாசிக்கத் தொடங்கியவர்கள். பாடகி, பேஸ் கிட்டார் வாசிக்கும் இளைஞர், கீபோர்டு வாசிப்பவர் ஆகிய மூவரும் முப்பதைத் தாண்டாதவர்கள். சுவரொட்டியில் மூத்தவர்களின் பழைய குழுக்களின் பெயர் இல்லை. போட்டால் கூட்டம் சேரும் என்று கிளப் உரிமையாளர் சொல்லிப் பார்த்தாராம், இருவரும் மறுத்துவிட்டார்கள். புதிய குழுவுக்குப் புதிய பெயர், அதற்கு என்ன கூட்டம் வருகிறதோ அது போதும் என்பது அவர்கள் முடிவு. அதை மதித்து நானும் பெயர்களை விட்டுவிடுகிறேன்.

அந்த மறுப்பின் கனம் புரிய வேண்டுமானால் இந்த ஊரின் இசைக்கதை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 1961 இல் பிரிட்டிஷ் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் அவரோடு வாசித்த ஷாடோஸ் என்ற கிட்டார் குழுவும் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் வந்து போனார்கள். அதையொட்டிய ஆண்டுகளில் ஊருக்கு ஊர் கிட்டார் குழுக்கள் முளைத்தன. பினாங்குக்கு இன்னொரு காரணமும் இருந்தது. எதிர்க்கரையில் பட்டர்வொர்த் விமானத்தளத்தை ஆஸ்திரேலிய விமானப்படை ஐம்பதுகளிலிருந்து 1988 வரை நடத்தியது. படையினரின் குடும்பங்கள் பல தீவில் குடியிருந்தன. வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்க வீரர்களும் விடுமுறைக்கு இங்கே வந்தார்கள். அவர்களுக்கெல்லாம் மாலையில் ஆடப் பாட்டு வேண்டும். அதுவும் தங்கள் நாட்டு வானொலியில் கேட்ட பாட்டு வேண்டும். அந்தத் தேவையில்தான் இங்குள்ள தமிழ், சீன, மலாய், யூரேசியப் பையன்கள் கிட்டார் பிடித்தார்கள்.

அந்த வட்டாரத்திலிருந்து புறப்பட்டு நாடே அறிந்த பெயரானது ஆலிகேட்ஸ். அறுபதுகளின் இறுதியில் பினாங்கில் தோன்றிய குழு. டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்கள் ஹாங்காங் இரவு விடுதிகள் வரை போய் வாசித்து, பிறகு மலாய்ப் பாடல்களால் வீட்டுக்கு வீடு அறிமுகமானார்கள். 2007 இல் லோகநாதன் மறைந்தபோது எங்கள் தெருவில் தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லார் வீட்டிலும் அதே பேச்சுதான். ஆனால் ஆலிகேட்ஸைப் போல் எல்லாருக்கும் வாய்க்கவில்லை. மற்றக் குழுக்கள் பல ஒரு பாட்டைக்கூடத் தங்கள் பெயரில் பதிவு செய்யாமலே கலைந்தன.

நான் சொல்லும் இருவரும் அப்படிக் கலைந்த குழுக்களில் இருந்தவர்கள். ஓர் இரவுக்கு நான்கு செட், ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். இசைத்தட்டில் உள்ளது உள்ளபடி மேடையில் வர வேண்டும். சொந்தப் பாட்டு என்று வாயெடுத்தால் விடுதி மேலாளர் முகம் சுளிப்பார். பிறகு கரோக்கே வந்தது, பாடகர் குரல் இல்லாத பின்னணிப் பதிவான மைனஸ் ஒன் வந்தது. ஐந்து பேர் வாசித்த இடத்தில் ஒரு பாடகரும் ஒரு கீபோர்டும் போதும் என்றாகிவிட்டது. டிரம்ஸ் வாசித்தவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குப் போனார். கிட்டார் வாசித்தவர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். எண்பதுகளில் செர்ச், விங்ஸ் என்ற மலாய்க் குழுக்களால் நாடே அதிர்ந்த ராக் அலையில் பிறருக்குப் பின்னணி வாசித்திருக்கிறார். அந்த அலைக்கும் ஒரு கடிவாளம் வந்தது: 1992 இல் நீளமுடி வைத்த ராக் கலைஞர்கள் அரசுத் தொலைக்காட்சியில் தோன்றக் கூடாது என்றார்கள். இன்று அவர் முடி தோள்வரை தொங்குகிறது, முழுக்க வெள்ளை.

"ஐம்பது வருடமாக அடுத்த வீட்டுச் சமையலைப் பரிமாறினேன். இப்போதுதான் எங்கள் அடுப்பில் உலை வைத்திருக்கிறோம்" என்றார் டிரம்ஸ் வாசிப்பவர். நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன் அவர் வாயால் கேட்ட இந்த வார்த்தைகள் இரவு முழுவதும் என்னோடு இருந்தன. அறுபத்தொன்பது வயதில் முதல்முறையாகத் தன் பாட்டை வாசிக்கிறவரிடம் போய்ப் பழைய பாட்டைக் கேட்பது எவ்வளவு பெரிய அநியாயம்!

என் அக்கா மகள்தான் என்னை அழைத்துப்போனாள். அவளுக்கு இருபத்து மூன்று வயது, பேஸ் கிட்டார் கற்றுக்கொண்டிருக்கிறாள். இந்தக் குழுவின் பேஸ் கலைஞர்தான் அவளுக்கு ஆசிரியர். அவரிடம் கேட்டுக்கொண்டு, மாலையில் ஒலிச் சோதனை நடக்கும்போதே உள்ளே போய் ஓரமாக உட்கார்ந்தோம். முதல் யோசனை இதுதான்: யாராவது ஒருவரைத் தெரியும் என்றால் சவுண்ட் செக் பார்க்க அனுமதி கேளுங்கள். கொடுத்தால் வாய் திறக்காமல் உட்காருங்கள். மூத்த கலைஞரின் அனுபவம் என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வது என்ன என்பது அந்த ஒரு மணி நேரத்தில் கண்ணுக்குத் தெரியும்.

கிளப் இருப்பது ஒரு பழைய கடைவீட்டின் மாடியில். முகப்பு குறுகல், உள்ளே போகப் போக நீளம். இரு பக்கமும் கனத்த செங்கல் சுவர், கீழே மரத்தரை. இப்படிப்பட்ட அறையில் ஒலி இரு சுவர்களுக்கும் இடையே எகிறிக்கொண்டே இருக்கும். ஆளில்லாத அறையில் ஒரு டிரம் அடித்தால் காதில் அறைந்தாற்போல் கேட்கும். டிரம்ஸ் வாசிப்பவர் முதலில் செய்தது, ஸ்னேர் எனப்படும் கூர்மையான ஒலியுள்ள டிரம்மை ஒருமுறை தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் காத்திருந்ததுதான். ஒலி எவ்வளவு நேரம் சுவரில் தங்குகிறது என்று பார்த்தார். பிறகு கால்சட்டைப் பையிலிருந்து பர்ஸை எடுத்து ஸ்னேர் தோலின் விளிம்பில் வைத்தார். மறுபடி தட்டினார். அந்தக் கூர்மையான எதிரொலி அடங்கி, 'டப்' என்று வறண்ட ஒலி மட்டும் வந்தது.

"மாமா, பர்ஸ்!" என்று என் காதோடு சொன்னாள் அவள். இந்த வேலைக்கென்றே கடையில் ஜெல் துண்டுகள் விற்கிறார்கள், அவளுடைய நண்பர்கள் வாங்கி வைத்திருக்கிறார்கள். இவருக்குப் பர்ஸ் போதும், அதில் எவ்வளவு கனம் இருக்க வேண்டும் என்றும் தெரியும். இரண்டு ரசீதுகளை எடுத்துவிட்டு மீண்டும் வைத்துப் பார்த்தார். டாம் எனப்படும் பெரிய டிரம் மேல் ஒரு 'குட் மார்னிங்' துண்டைப் போட்டார். சிம்பல் தகடுகளை வழக்கத்தைவிட நன்றாக இறக்கி வைத்திருந்தார். வலது தோள்பட்டையில் வலி, கையைத் தூக்க முடியாது என்று பிறகு தெரிந்தது. மரக்குச்சிகளோடு, மெல்லிய சிம்புகளைச் சேர்த்துக் கட்டிய குச்சிகளும் ஒரு ஜோடி கொண்டுவந்திருந்தார். மெதுவான பாடல்களுக்கு அவை.

கிட்டார் வாசிப்பவர் ஆம்ப்ளிபயரை ஒரு நாற்காலியில் ஏற்றி, பின்பக்கம் சாய்த்து வைத்தார். 22 வாட் சக்தியுள்ள சிறிய ஃபெண்டர் டீலக்ஸ் ரிவர்ப், வால்வு வகை. எண்பதுகளில் திறந்தவெளி மேடைகளில் நூறு வாட் மார்ஷல் ஆம்ப்ளிபயரில் வாசித்தவர் அவர். ஆனால் வாட் பத்து மடங்கானால்தான் நம் காதுக்கு ஒலி ஏறத்தாழ இரு மடங்காகக் கேட்கும். ஆகவே இருபத்திரண்டுக்கும் நூறுக்கும் இடையே காதில் படும் வித்தியாசம் எண்களைப் பார்த்து நினைப்பதைவிடக் குறைவு. வால்வு ஆம்ப்ளிபயர் ஓரளவு முடுக்கினால்தான் இனிமையாகக் கரகரக்கும். நூறு வாட்டை அந்த அளவுக்கு முடுக்கினால் அந்த மாடியில் யாரும் நிற்க முடியாது. சிறிய ஆம்ப்ளிபயரைச் சாய்த்து வைத்தால் ஒலி முன்வரிசையின் முழங்காலில் மோதாமல் வாசிப்பவரின் காதுக்கே நேராகப் போகும். அவருக்குக் கேட்டால் அவர் ஒலியைக் கூட்டமாட்டார், பாடகியின் குரலும் தப்பிக்கும்.

காலடியில் ஒலியை மாற்றும் ஒரே ஒரு பெடல். மற்ற எல்லா நிறங்களையும் கிட்டாரின் ஒலிக்குமிழைச் சுண்டுவிரலால் திருகியே வரவழைத்தார். குமிழைக் குறைத்தால் சுத்தமான மணியோசை, முழுக்கத் திறந்தால் உறுமல். பாட்டின் நடுவிலேயே, மீட்டும் கை நிற்காமல், அந்தச் சுண்டுவிரல் மட்டும் தனியாக வேலை பார்த்தது. தந்திகளை அரை ஸ்வரம் இறக்கிச் சுருதி சேர்த்திருந்தார். காலையில் விரல்கள் மடங்க மறுக்கின்றனவாம். தந்தி சற்றுத் தளர்ந்திருந்தால் இழுத்து வளைப்பது எளிது. அவர் பாடும் இரண்டு பாடல்களுக்கும் அதுவே வசதி. அவருக்காக இளைஞரும் பேஸைச் சுருதி இறக்கினார், கீபோர்டில் இருந்தவர் ஸ்வரத்தை மாற்றி அமைத்தார். யாரும் அதை ஒரு சலுகையாகச் செய்யவில்லை. அதுதான் அந்தக் குழுவின் சுருதி என்று முடிவாகியிருந்தது.

நிற்கும் இடத்துக்கு வருகிறேன். சிறு கிளப்பில் மேடைக்கு நேர் எதிரே, முதல் வரிசையில் நிற்கத்தான் எல்லாருக்கும் ஆசை. அங்கே டிரம்ஸும் கிட்டாரும் நேரடியாக வந்து விழும். குரல் மட்டும் ஒலிபெருக்கி வழியாகவே வரும். ஒலிபெருக்கிகளோ மேடையின் இரு பக்கத்திலும், உங்களுக்கு முன்னாலோ தலைக்கு மேலோ இருக்கும். அதனால் முதல் வரிசைக்காரருக்குப் பாட்டின் சொற்கள் தெளிவாகக் கேட்காது. தெரிந்த பாட்டு என்றால் நினைவு இட்டு நிரப்பிக்கொள்ளும், தெரியாத பாட்டுக்கு அந்த வழியில்லை. ஒலி அமைப்பாளரின் மேசைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். அவர் காதுக்குச் சரியாக இருப்பதைத்தான் அவர் சரி என்று வைத்திருப்பார். முதல் செட்டை அங்கே நின்று கேட்டுவிட்டு, இரண்டாவது செட்டில் டிரம்ஸ் பக்கமாக நகர்ந்து கைகளைப் பாருங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

எட்டே முக்காலுக்குக் கூட்டம் சேரத் தொடங்கியது. அறுபது, எழுபது பேர் இருக்கலாம். பாதிப்பேர் மூத்தவர்களின் வயதுக்காரர்கள், மனைவியோடு வந்திருந்தார்கள். மீதி, இளையவர்களின் நண்பர்கள். பாடல்கள் ஆங்கிலத்திலும் மலாயிலும். ஒன்றில் மட்டும் நடுவே நான்கு வரி தமிழ். டிரம்ஸ் வாசித்தபடியே அவர் பாடினார். குரல் பெரிதில்லை, ஆனால் அந்த நான்கு வரிக்கும் உச்சரிப்பு கல்லில் வெட்டியதுபோல் இருந்தது.

தெரியாத பாட்டை எப்படிக் கேட்பது? நான் கடைப்பிடிக்கும் வழி இது. முதல் பாட்டில் எதையும் மதிப்பிடாதீர்கள். கலைஞர்களுக்கே அது அறையைப் பழகிக்கொள்ளும் பாட்டு. இரண்டாவதிலிருந்து, பாட்டுக்கு ஒரு கருவி என்று எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பேஸ். பாட்டு எங்கே திரும்புகிறது, எங்கே வீட்டுக்கு வருகிறது என்பதைப் பேஸ்தான் முதலில் சொல்லும். பிறகு டிரம்ஸ், அதன்பின் குரல். பல்லவி இரண்டாம் முறை வரும்போது ஒரு சொல்லையாவது பிடித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் முறை வரும்போது அது உங்களுக்குத் தெரிந்த பாட்டாகிவிடும். எனக்கு ராக் இசையில் பெரிய படிப்பு கிடையாது. இந்த முறை போதுமானதாக இருக்கிறது.

நான்காவதாக வந்த பாட்டில் கூட்டம் தடுமாறியது. ராக் என்றால் நான்கு நான்காக எண்ணித் தலையாட்டியே பழக்கம். பாருக்கு அருகில் நின்றவர்கள் உற்சாகமாகக் கைதட்டத் தொடங்கினார்கள், இரண்டு சுற்றுக்குள் தட்டு எங்கோ போய்விட்டது. நின்றுவிட்டார்கள். என் பக்கத்தில் அவள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். "ஏழு வருகிறது, மாமா." ஆமாம், ஏழு. தகிட தகதிமி. மூன்றும் நான்கும். நம் கர்நாடக இசையின் மிச்ர சாபு தாளம். ஸ்னேர் அடி நான்காவதிலும் ஆறாவதிலும் விழுந்தது, பேஸ் ஒவ்வொரு சுற்றிலும் முதல் எண்ணிக்கையைத் தாங்கிப் பிடித்தது. கிட்டார் மட்டும் இரண்டு சுற்றுகளைச் சேர்த்துப் பதினான்காக எடுத்துக்கொண்டு அதன்மேல் நீளமாக ஒரு வாக்கியத்தை இழுத்தது. ஏழு என்று தெரிந்தவுடன் அந்தப் பாட்டு முழுவதும் திறந்துகொண்டது. தடுமாற்றமாகத் தோன்றியது சாய்ந்தாடும் நடையாக மாறியது.

டிரம்ஸ் வாசிப்பவர் சிறுவயதில் தண்ணீர்மலைக் கோயில் பக்கம் குடியிருந்தபோது ஒருவரிடம் கொஞ்ச காலம் மிருதங்கம் கற்றாராம். அப்பாவுக்கு வேலை மாற்றலானதும் நின்றுபோயிற்று. ஹோட்டல் இசைக்குழுவில் ஏழுக்கு என்ன வேலை? ஐம்பது ஆண்டுக்கு மேல் கையில் கிடந்த கணக்கை இந்தக் குழுவில்தான் வெளியே எடுத்திருக்கிறார். அதுவும், கீபோர்டு வாசிக்கும் பெண் ஒரு நாள் பயிற்சியில் அவர் முழங்காலில் தட்டிக்கொண்டிருந்ததைக் கேட்டு, "அது என்ன, அதையே ஒரு பாட்டாக்கலாமே" என்றதால் வந்தது. மூத்தவர்கள் இளையவர்களுக்குக் கற்றுக்கொடுப்பார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டு போகிறோம். அங்கே மூத்தவரிடம் இருந்ததை இளையவர் கண்டெடுத்துக் கொடுத்திருக்கிறார். புதிய குழு என்பதன் பயன் இதுதான் என்று நினைக்கிறேன். பழைய கூட்டாளிகள் மட்டும் மீண்டும் சேர்ந்திருந்தால் பழைய பாட்டுகளைத்தான் இன்னும் ஒருமுறை வாசித்திருப்பார்கள்.

முதல் செட்டின் முடிவில், எண்பதுகளின் மலாய் ராக் பாட்டு ஒன்றைச் சொல்லி யாரோ கத்தினார். கிட்டார் வாசிப்பவர் சிரித்தபடி மைக்கருகே வந்து, "அடுத்ததும் நாங்கள் எழுதியதுதான், ஐயா. கேட்டுப் பாருங்கள்" என்றார். மறுபடியும் கத்தல். இந்தப் பழக்கத்தை நாம் விட வேண்டும். அந்தப் பாட்டை வாசிக்கத் தெரியாமலா அவர்கள் நிற்கிறார்கள்? பல்லாயிரம் முறை வாசித்தவர்கள். பழைய பாட்டுதான் வேண்டும் என்றால் அதற்கென்று நடக்கும் நிகழ்ச்சிகள் நிறைய உள்ளன. அங்கே போய் மனமாரப் பாடலாம். இந்த அறைக்கு வந்துவிட்டால், அவர்கள் இன்று கொடுப்பதை வாங்கிக்கொள்வதே மரியாதை.

முதல் செட்டோடு கிளம்பிப் போகாதீர்கள். இடைவேளைக்குப் பிறகுதான் அறை நிறைந்தது. மனித உடலும் உடையும் ஒலியின் கூர்மையை உறிஞ்சும். காலி அறையில் குத்திய சிம்பல் ஒலி ஆட்கள் நிறைந்ததும் மிருதுவானது. டிரம்ஸ் வாசிப்பவர் அதைக் கவனித்துப் பர்ஸை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்! பாடகிக்கும் தயக்கம் போயிருந்தது. முதல் செட்டில் ஒவ்வொரு பாட்டின் முடிவுக்கும் அவள் கிட்டாரின் கழுத்து உயர்கிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவர் கிட்டாரை ஒரு சாண் தூக்கி இறக்கினால் முடிவு என்று அவர்களுக்குள் குறிப்பு. இரண்டாவது செட்டில் ஒரு பாட்டை அவளே கையுயர்த்தி முடித்தாள். இருவரும் ஒரு நொடி பிந்தாமல் அவளோடு நின்றார்கள். டிரம்ஸ் வாசிப்பவர் முகத்தில் அப்போது தோன்றிய சிரிப்புக்காகவே அந்தப் பக்கம் நின்றது தகும்.

காது விஷயத்தில் விளையாடாதீர்கள். என் கைப்பேசிச் செயலி இரண்டாவது செட்டில் நூறு டெசிபலை ஒட்டிக் காட்டியது. கைப்பேசி அளவு துல்லியமில்லை என்றாலும் நிலவரம் புரியும். 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும் என்பது தொழில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் பின்பற்றும் கணக்கு. அதன்படி நூறு டெசிபலில் கால் மணி நேரம்தான். உலக சுகாதார நிறுவனம் 2022 இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இசை நிகழ்ச்சிகளில் கால் மணி நேரச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் நுரைப் பஞ்சு அடைப்பான் காதைக் காக்கும், ஆனால் உயர்ந்த ஒலிகளை அதிகமாக மழுக்கிவிடுவதால் பாட்டு மந்தமாகக் கேட்கும். இசைக்கருவிக் கடைகளில் வடிகட்டி வைத்த அடைப்பான் விற்கிறார்கள். அது எல்லா ஒலியையும் ஏறத்தாழச் சமமாகக் குறைக்கும், சொற்களும் புரியும். கிட்டார் வாசிப்பவருக்கு இடது காதில் ஓயாத இரைச்சல். அந்தக் காலத்தில் இதை யாரும் சொல்லித் தரவில்லை என்று வருத்தப்பட்டார். பிள்ளைகளுக்கு இப்போதே வாங்கிக் கொடுங்கள்.

கைப்பேசியில் படம் பிடிப்பவர்கள் ஒரு பாட்டோடு நிறுத்திக்கொண்டால் நல்லது. இன்னும் வெளியிடாத பாட்டை முழுவதுமாகப் பதிவேற்றுவதற்கு முன் குழுவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பலர் சந்தோஷமாகச் சரி என்பார்கள், சிலர் பதிவு முடியும்வரை பொறுக்கச் சொல்வார்கள்.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகவே பேச வேண்டும். டிக்கெட் நாற்பது ரிங்கிட். சிறு கிளப்புகளில் பெரும்பாலும் வாசல் வசூலில்தான் குழுவுக்குப் பங்கு. ஒலி அமைப்பாளருக்குக் கொடுத்ததுபோக மிஞ்சுவதை ஐவர் பிரித்துக்கொண்டால், பெட்ரோலுக்கும் தந்திக்கும் சரியாகப் போகும். அதனால் விருந்தினர் பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லிக் கேட்காதீர்கள், தெரிந்தவர் என்றால் கட்டாயம் கேட்காதீர்கள். முடிந்தால் முன்கூட்டியே டிக்கெட் வாங்குங்கள். வியாழக்கிழமை மாலைக்குள் எத்தனை டிக்கெட் போயிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் அந்த உரிமையாளர் அடுத்த நிகழ்ச்சிக்கு நாள் குறிப்பாராம். உள்ளே ஒரு பானமாவது வாங்குங்கள், தண்ணீராக இருந்தாலும் சரி. கிளப் பிழைத்தால்தான் மேடை இருக்கும்.

முடிந்ததும் உடனே மேடைக்கு ஓடிப்போய் அவர்களைச் சூழ்ந்துகொள்ளாதீர்கள். அவர்கள் களைத்திருப்பார்கள், கருவிகளை மூட்டைகட்ட வேண்டியிருக்கும். இறக்கி ஏற்ற ஒரு கை கொடுக்கலாமா என்று கேளுங்கள். செங்குத்தான மரப்படியில் டிரம்ஸ் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு இறங்குவது தோள்வலிக்காரருக்கு ஆகாத காரியம். நானும் அக்கா மகளும் இரண்டிரண்டு பெட்டிகளை இறக்கினோம். அதன்பிறகு அவரே பேச்சை ஆரம்பித்தார். 'உங்கள் பழைய குழுவில்' என்று தொடங்குவதைவிட 'அந்த ஏழு எண்ணிக்கைப் பாட்டில்' என்று தொடங்குங்கள். முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள். இளையவர்களிடமும் பேசுங்கள். எல்லாரும் மூத்தவர்களையே மொய்த்துக்கொள்ள, பாட்டுகளில் பாதியை எழுதிய பெண் ஒருத்தி சுவரோரம் தனியாக வயர் சுருட்டிக்கொண்டிருந்தது எனக்குச் சங்கடமாக இருந்தது.

சில்லறை விஷயங்கள்: மலேசியாவில் 2017 டிசம்பரிலிருந்து மது வாங்கும் வயது 21. மது விற்கும் கிளப்புக்கு வயது குறைந்த பிள்ளைகளை அழைத்துப்போவதாக இருந்தால் முன்பே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். பட்டர்வொர்த்திலிருந்து வருகிறவர்கள் கடைசி ஃபெர்ரியின் நேரத்தைப் பார்த்துவைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பாலத்தைச் சுற்றி வாடகைக் கார்தான். சாப்பிட்டுவிட்டு வாருங்கள், பசியோடு நின்றால் இரண்டாவது செட்டில் மனம் நாசி கண்டார் கடைக்குப் போய்விடும்.

கீழே லாரியருகே நின்று, டிரம்ஸ் வாசிப்பவர் என் அக்கா மகளுக்கு அந்த ஏழு எண்ணிக்கையை விளக்கினார். "பேஸ் வாசிக்கிறாயா? அப்படியென்றால் முதலில் கையால் போட்டுப் பழகு, அப்புறம் கருவியைத் தொடு" என்று சொல்லி, லாரியின் பக்கத்தகட்டில் தட்டிக் காட்டினார். "அங்கிள், பதினான்காகச் சேர்க்கிறாரே, அங்கே பேஸ் என்ன செய்யும்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி என்று கிட்டார் வாசிப்பவரைக் கூப்பிட்டார். மூவருமாக அடுத்த இருபது நிமிடம் அதையே பேசினார்கள். செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். பேஸை மட்டும் கொண்டுவந்தால் போதும், ஆம்ப்ளிபயர் அங்கேயே இருக்கிறதாம். நான்கு பாட்டுகள் கொண்ட அவர்களுடைய குறுந்தட்டு இருபது ரிங்கிட், வாசலருகே மேசையில் கிடைக்கிறது. கியூஆர் குறியீட்டிலும் செலுத்தலாம். அந்த ஏழு எண்ணிக்கைப் பாட்டு அதில் மூன்றாவது.